முழு எண் வெக்டர்களால் ஆன சோனோடோப்: முகமும் புள்ளியும் தப்பாக வருகிறது, எங்கே பிழை?

நோணாங்குப்பம்_நேர்கோடு (கேள்வி)

வணக்கம். புதுச்சேரியில் எம்.எஸ்சி. கணிதம், ப்ராஜெக்ட் தலைப்பு சோனோடோப். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: சில முழு எண் வெக்டர்களை எடுத்து, ஒவ்வொன்றையும் 0 முதல் 1 வரை ஏதோ ஓர் அளவால் பெருக்கிக் கூட்டினால் வரும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்த பல்முகி. நான் எடுத்திருப்பது 0, 1 மட்டும் வரும் எல்லா வெக்டர்களும், பூச்சிய வெக்டரை விட்டுவிட்டு. பரிமாணம் 3 என்றால் 7 வெக்டர், 4 என்றால் 15, 5 என்றால் 31.

எனக்கு வேண்டியது முனை எத்தனை, முகம் எத்தனை, ஓரமும் உள்ளும் சேர்த்து முழு எண் புள்ளி எத்தனை. பைத்தானில் எல்லா உட்கணங்களின் கூட்டுத்தொகையையும் எடுத்து சைபை நூலகத்தின் கான்வெக்ஸ்ஹல்லுக்கு (புள்ளிகளை எல்லாம் அடக்கும் குவிந்த பல்முகியைத் தருவது) கொடுத்தேன். பிரச்சினைகள்:

1. பரிமாணம் 3-இல் முனை 32, சரி. முகம் 60 என்கிறது. 18 தான் வர வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறார். கையில் போட்டுப் பார்த்தால் எனக்கு 14 வருகிறது (7 தளம், இரண்டு பக்கம்).

2. பரிமாணம் 5-இல் மெமரி தீர்ந்து நின்றுவிடுகிறது. 8 ஜிபி லேப்டாப்.

3. சோதனைக்காக (1,−1,0,0), (1,0,−1,0) என்று 4 ஆயங்களில் வரும் ஆறு வித்தியாச வெக்டர்களைக் கொடுத்தேன். ஓடவே இல்லை. க்யூஹெச் 6154, 'ஆரம்ப சிம்ப்ளெக்ஸ் தட்டையாக இருக்கிறது' என்கிறது.

4. முழு எண் புள்ளிக்கு, உட்கணக் கூட்டுத்தொகைகளில் ஒரே மாதிரி வந்ததை நீக்கிவிட்டு எண்ணினேன். அது பொதுவாகச் செல்லாது என்கிறார் வழிகாட்டி. ஏன் என்று புரியவில்லை. எல்லாம் முழு எண் வெக்டர்தானே?

---

முதுநகர்_மீத்தளம்

1-க்கும் 3-க்கும் பதில் சொல்கிறேன். 4-க்கு வேறு யாராவது வருவார்கள்.

60 என்பது முகம் அல்ல, முக்கோணம். சைபை, உள்ளே க்யூஹல் என்ற நிரலைக் கூப்பிடும்போது 'க்யூ-டி' என்ற விருப்பத்தைத் தானாகவே சேர்த்துவிடும். அது ஒவ்வொரு முகத்தையும் முக்கோணங்களாக வெட்டித் தரும். உங்கள் பல்முகியில் 12 அறுகோணம், 6 இணைகரம். அறுகோணத்தை வெட்டினால் 4, இணைகரத்தை வெட்டினால் 2. 12×4 + 6×2 = 60. ஆக மென்பொருள் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதற்கு வேறு கேள்வியின் பதில் வந்திருக்கிறது. சமன்பாடுகளை ரவுண்ட் செய்து ஒரே மாதிரி வருவதைச் சேர்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். தசமத்தில் எத்தனை இடம் என்று தடவிக்கொண்டிருக்க வேண்டும், வேண்டாம்.

ஹல் இல்லாமலே முகம் எண்ணலாம். சோனோடோப்பின் ஒவ்வொரு முகமும் கொடுத்த வெக்டர்களில் சில சேர்ந்து விரிக்கும் மீத்தளத்துக்கு (பரிமாணம் 3-இல் சாதாரணத் தளம்) இணையாகத்தான் இருக்கும். எனவே பரிமாணத்தைவிட ஒன்று குறைவான எண்ணிக்கையில் நேரியல் சார்பற்ற வெக்டர்களை எடுங்கள். இணைக்காரணிகளால் அவற்றின் செங்குத்து வெக்டரைக் கணக்கிடுங்கள், முழு எண்ணிலேயே வரும். ஆயங்களின் மீ.பொ.வ.வால் வகுங்கள், முதலில் வரும் பூச்சியமல்லாத எண் மிகையாக இருக்கும்படி குறியை மாற்றுங்கள், ஒரு கணத்தில் போடுங்கள். கணத்தின் அளவை 2-ஆல் பெருக்கினால் முகங்களின் எண்ணிக்கை. பரிமாணம் 3-இல் 21 ஜோடி, அவற்றிலிருந்து 9 செங்குத்து, 18 முகம். பரிமாணம் 4-இல் 455 மும்மைகள்தான், கண் மூடித் திறப்பதற்குள் முடியும்.

உங்கள் 14 எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது. 7 புள்ளி, 7 கோடு என்ற பழைய படம் மனதில் இருக்கிறது. அது மாடுலோ 2-க்கு (1 + 1 = 0 என்று கூட்டும் கணக்கு) உரியது. அங்கே (1,1,0), (1,0,1), (0,1,1) மூன்றும் ஒரே கோட்டில் வரும். முழு எண்ணில் இந்த மூன்றின் அணிக்கோவை, குறியை விட்டுவிட்டால், 2, பூச்சியம் அல்ல. அந்தக் கோடு உடைந்து மூன்று தனி ஜோடிகளாகிறது: 6 + 3 = 9. மூன்று வெக்டர் உள்ள 6 தளங்கள் தரும் முகங்கள் அறுகோணம், இரண்டு மட்டும் உள்ள 3 தளங்கள் தருபவை இணைகரம். சரிபார்க்க: விளிம்பு (12×6 + 6×4)/2 = 48, முனை 48 − 18 + 2 = 32. ஆய்லர் ஒத்துப்போகிறார்.

முகத்தின் செங்குத்து கையில் இருந்தால் இன்னொரு லாபம். ஒரு புள்ளி உள்ளே இருக்கிறதா என்று பார்க்க, செங்குத்தோடு அதன் புள்ளிப் பெருக்கம் ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை எது? அதே செங்குத்தோடு எல்லா வெக்டர்களின் புள்ளிப் பெருக்கத்தையும் எடுத்து, மிகையானவற்றை மட்டும் கூட்டுங்கள். செங்குத்து, அதன் எதிர்த்திசை இரண்டுக்கும் செய்ய வேண்டும். எல்லாம் முழு எண் ஒப்பீடு. பரிமாணம் 3-இல் உங்கள் பல்முகி 0 முதல் 4 வரையான கனசதுரத்துக்குள் அடங்கும், 125 புள்ளிகளைச் சோதித்தால் போதும்.

3-ஆவது பிரச்சினை: அந்த ஆறு வெக்டர்களிலும் ஆயங்களின் கூட்டுத்தொகை 0. அவை 4 ஆயங்களில் எழுதப்பட்டிருந்தாலும் 3 பரிமாணத்தில்தான் வாழ்கின்றன. க்யூஹல் சொன்ன தட்டை அதுதான். கடைசி ஆயத்தை அடித்துவிட்டால் ஓடும். வர வேண்டியது: முனை 24, முகம் 14, கனஅளவு 16, முழு எண் புள்ளி 38. இது நல்ல சோதனை, ஏனென்றால் வேறு வழியில் சரிபார்க்க முடியும். நான்கு முனைகளையும் எல்லா வகையிலும் இணைத்த கிராஃபில் சுழற்சி வராமல் அம்புக்குறி போடும் வழிகள் 24, விரிமரங்கள் (எல்லா முனைகளையும் சுழற்சியின்றி இணைப்பவை) 16, காடுகள் (சுழற்சியில்லாத விளிம்புத் தொகுதிகள்) 38.

ஆயத்தை அடிப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. (1,2) என்ற ஒரே வெக்டரை எடுங்கள். அந்தக் கோட்டுத்துண்டில் முழு எண் புள்ளி 2. முதல் ஆயத்தை அடித்தால் 0-லிருந்து 2 வரை, புள்ளி 3. முனை, முகம் எண்ணிக்கை மாறாது, ஆனால் புள்ளி எண்ணிக்கை கெட்டுவிடும். வித்தியாச வெக்டர்களுக்குக் கடைசி ஆயம் மற்றவற்றால் முழு எண்ணாகவே தீர்மானமாவதால் பிரச்சினை இல்லை. பொதுவாகச் செய்யும்போது ஹெர்மைட் வடிவத்தில் (முழு எண் செயல்களாலேயே அணியை முக்கோண வடிவாக்குவது) அடிப்படை மாற்றித்தான் பரிமாணத்தைக் குறைக்க வேண்டும்.

---

திண்ணைக்_கோலம்

4-ஆவது கேள்விக்கு வாசலுக்குப் போனாலே பதில் இருக்கு.

மார்கழியில வைசியாள் வீதிப் பக்கம் நடந்தா கண்ணுல படுற கோலம்: 7 புள்ளி, ஊடுபுள்ளி, 4-இல் நிறுத்து. நடுவுல 7, மேலயும் கீழயும் 6, 5, 4. மொத்தம் 4+5+6+7+6+5+4 = 37. இந்த அறுகோணம் ஒரு சோனோடோப். ஊடுபுள்ளியைச் சாய்ந்த ஆயத்துல எழுதினா (1,0), (0,1), (1,1) மூணு வெக்டர், மூணு மடங்கு பெருக்கினது. உங்க குடும்பத்தோட பரிமாணம் 2 இதுதான்.

இப்போ சூத்திரம். 1991-இல் ஸ்டான்லி எழுதின வடிவம் இது: பல்முகியை 'த' மடங்கு பெருக்கினா உள்ள இருக்கிற புள்ளிகள் எத்தனைன்னு கேட்டா, நேரியல் சார்பற்ற உட்கணம் ஒவ்வொண்ணையும் எடு. அதுல வெக்டர் எத்தனையோ அத்தனை அடுக்கு 'த'. அதோட கெழு, அந்த உட்கணத்தை அணியா எழுதினா வர்ற மிகப்பெரிய அளவுச் சிற்றணிக்கோவைகளோட (சில ஆயங்களை மட்டும் வெச்சு எடுக்கிற அணிக்கோவை) மீ.பொ.வ. எல்லாத்தையும் கூட்டு. வெற்றுக்கணத்துக்கு 1.

கோலத்துக்குப் போட்டுப் பாருங்க. வெற்றுக்கணம் 1. தனி வெக்டர் மூணு, ஒவ்வொண்ணுக்கும் 1. ஜோடி மூணு, அணிக்கோவை எல்லாம் 1. ஆக 1 + 3த + 3த². த = 3-க்கு 1 + 9 + 27 = 37. நேர்ப்புள்ளி 5-க்கு 5 கோலத்துக்கு (1,0), (0,1), நாலு மடங்கு: 1 + 2×4 + 16 = 25.

உட்கணக் கூட்டுத்தொகை ஏன் பத்தாது? (1,1), (1,−1) ரெண்டை மட்டும் எடுங்க. கூட்டுத்தொகைகள் (0,0), (1,1), (1,−1), (2,0), நாலு புள்ளி. சின்ன வைரக் கோலம். ஆனா நடுவுல (1,0) இருக்கே? அது பாதி பாதியா எடுத்தாத்தான் வரும், முழுசா எடுத்து வராது. சூத்திரம் 1 + 2 + 2 = 5 சொல்லும். ரெண்டோட அணிக்கோவை 2 ஆனதுதான் காரணம். அணிக்கோவை எல்லாம் 0, 1, −1 மட்டும்னா கூட்டுத்தொகையிலேயே எல்லாப் புள்ளியும் வந்துடும். மேல மீத்தளம் சொன்ன வித்தியாச வெக்டர்கள் அந்த வகை. உங்க 0-1 குடும்பத்துல பரிமாணம் 3-லயே ஒரு 2 நுழைஞ்சிடுது, அதனால அந்த உத்தரவாதம் போச்சு.

உங்க பரிமாணம் 3-க்கு: தனி 7, ஜோடி 21 (மீ.பொ.வ. எல்லாம் 1). மும்மை 35-ல 6 ஒரே தளத்துல விழுந்து போகுது, மீதி 29. அதுல 28-க்கு மதிப்பு 1, ஒண்ணுக்கு மட்டும் 2. கெழு 30.

1 + 7த + 21த² + 30த³. த = 1-க்கு 59.

இதைச் சரிபார்க்க ஒரு அழகான வழி. குறியை மாற்றிப் போட்டா உள்புள்ளி மட்டும் வரும்: 30 − 21 + 7 − 1 = 15. அப்போ ஓரத்துல 59 − 15 = 44. முனை 32. மீதி 12 எங்கே? 12 அறுகோண முகத்தோட நடுப்புள்ளி! ஒவ்வொரு அறுகோண முகமும் 3 புள்ளி, ஊடுபுள்ளி, 2-இல் நிறுத்தின கோலம், 2+3+2 = 7, நடுவுல ஒண்ணு. இணைகரத்துக்குள்ள புள்ளி கிடையாது, விளிம்பு நடுவுலயும் கிடையாது. 32 + 12 = 44.

---

கெடிலம்_கோட் 

2-ஆவது கேள்வி. 31 வெக்டருக்கு உட்கணம் 2147483648. அதை உருவாக்கவே கூடாது. அவற்றில் முனையாக நிற்பவை 11,292 மட்டும். மற்ற எல்லாம் உள்ளேயோ ஓரத்திலோ கிடக்கும் குப்பை.

முனை என்றால் என்ன? ஒரு திசையில் பார்த்தால் அதுதான் உச்சம். அந்தத் திசை வெக்டரை 'ச' என்போம். எந்த வெக்டரோடு 'ச'வின் புள்ளிப் பெருக்கம் மிகையோ அதை எடு, குறையோ விடு. எனவே ஒரு முனை என்பது + − குறிகளின் ஒரு வரிசை. அப்படி ஒரு 'ச' இருக்கிற குறி வரிசைகள் மட்டும் முனைகள்.

முதலில் சுத்தம் செய்யுங்கள். பூச்சிய வெக்டரைத் தூக்குங்கள். ஒரே கோட்டில் இருப்பவற்றைச் சேர்த்து ஒன்றாக்குங்கள்: (1,0), (2,0) இருந்தால் (3,0). எதிர்த்திசையில் இருந்தால் திருப்பிவிட்டுச் சேருங்கள், பல்முகி இடம் நகரும், வடிவம் மாறாது. மீ.பொ.வ.வால் வகுக்காதீர்கள். முனை எண்ணிக்கைக்குப் பரவாயில்லை, புள்ளி எண்ணிக்கை நாசமாகும்.

பிறகு வெக்டர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். இதுவரை உள்ள ஒவ்வொரு குறி வரிசையோடும் அதன் 'ச'வையும் முழு எண்ணாக வைத்திருங்கள். புது வெக்டர் வந்ததும் 'ச'வோடு பெருக்கிப் பாருங்கள்.

பூச்சியம் இல்லை என்றால் ஒரு குறி இலவசமாகக் கிடைத்துவிட்டது. எதிர்க்குறி சாத்தியமா என்பதற்கு மட்டும் ஒரு நேரியல் திட்டமிடல் கணக்கு (கொடுத்த நேரியல் சமனிலிகள் எல்லாம் ஒன்றாகப் பொருந்துமா என்று பார்ப்பது).

பூச்சியம் வந்தால் இரண்டு குறியும் சாத்தியம், கணக்கே போட வேண்டாம். புது 'ச' வேண்டுமே? பழைய 'ச'வை ஒரு பெரிய முழு எண்ணால் பெருக்கி, புது வெக்டரைக் கூட்டினால் ஒன்று, கழித்தால் மற்றொன்று. அந்தப் பெரிய எண், புது வெக்டருக்கும் பழைய வெக்டர்களுக்கும் உள்ள எந்தப் புள்ளிப் பெருக்கத்தைவிடவும் (குறியை விட்டுப் பார்த்து) பெரிதாக இருந்தால் பழைய குறிகள் கலையாது.

நேரியல் திட்டமிடலில் எல்லோரும் செய்யும் தப்பு: 'பூச்சியத்தைவிடப் பெரிது' என்பதற்கு 0.000001 மாதிரி ஏதாவது போடுவது. 'ச'வை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம் என்பதால் '1 அல்லது அதற்கு மேல்' என்றே எழுதலாம். அப்போது எப்சிலான் தொல்லை ஒழிந்தது. சால்வர் கொடுக்கும் தசம 'ச'வைப் பின்னமாக மாற்றி, பகுதிகளை நீக்கி, முழு எண்ணில் எல்லாக் குறியையும் மறுபடி சரிபார்த்த பிறகே சேமியுங்கள். 'சாத்தியமில்லை' என்ற பதிலை இப்படிச் சரிபார்க்க முடியாது. 0, 1 வெக்டர்களுக்கு நம்பலாம். ஆயங்கள் லட்சக்கணக்கில் இருந்தால் தசம சால்வரை நம்பக் கூடாது, சேஜ் என்ற கணித மென்பொருளில் விகிதமுறு எண்களில் இயங்கும் சால்வருக்கு மாறுங்கள்.

முதல் வெக்டரின் குறியை + என்று நிறுத்திக்கொண்டால் வேலை பாதி. மறுபாதி மையச் சமச்சீரால் கிடைக்கும்.

சரிபார்க்க இந்த வரிசை: பரிமாணம் 1-லிருந்து 2, 6, 32, 370, 11,292, 10,66,044, 34,73,26,352, பரிமாணம் 8-க்கு 4,19,17,27,56,930. பரிமாணம் 9-க்கும் தெரியும், 1,95,52,30,98,59,97,140. அதை முனை முனையாக எண்ணவில்லை, சமச்சீரைப் பயன்படுத்தி, வெக்டர்களுக்குச் செங்குத்தான மீத்தளங்களின் அமைப்புக்குரிய சிறப்பியல்புப் பல்லுறுப்புக்கோவை வழியாகக் கணக்கிட்டார்கள்.

வேறு வெக்டர்களுக்கு ஓட்டும்போது பதில் பட்டியல் இருக்காது. மேல் எல்லை மட்டும் எப்போதும் கிடைக்கும். 'ந' வெக்டர் இருந்தால், ந−1-இலிருந்து 0, 1, 2 என்று பரிமாணத்துக்கு ஒன்று குறைவு வரை தேர்ந்தெடுக்கும் வழிகளைக் கூட்டி 2-ஆல் பெருக்குங்கள். 7 வெக்டருக்கு 2(1+6+15) = 44. 15 வெக்டருக்கு 940. 31 வெக்டருக்கு 63,862. இதைத் தாண்டி வந்தால் நிச்சயம் பிழை. பொது நிலையில் உள்ள வெக்டர்களுக்கு இதே எண் வரும். உங்கள் குடும்பத்தில் சார்புகள் ஏராளம், அதனால் குறைவு.

---

முதுநகர்_மீத்தளம்

கெடிலம் சொன்னதில் ஒரு சிறு திருத்தம், அல்லது வேறு ருசி. குறி வரிசைகளைப் பட்டியலாக வைத்துக்கொண்டு வளர்ப்பது சின்னப் பரிமாணத்துக்குச் சரி. பெரிதானால் பட்டியலே மெமரியைத் தின்னும். அவிஸ், ஃபுகுடா 1996-இல் எழுதிய ரிவர்ஸ் சர்ச் முறையில் போன இடத்தை நினைவில் வைக்கவே வேண்டாம். ஒவ்வொரு முனைக்கும் ஒரே ஒரு தாய் முனையை விதியால் தீர்மானித்து, அந்த மரத்தில் ஏறி இறங்கினால் போதும். அதே முனையில் இரண்டு முறை கால் வைக்க மாட்டோம். நேரம் கூடும், மெமரி கூடாது.

எந்த முறையானாலும் பரிமாணம் நிலையாக இருக்கும்வரைதான் கொண்டாட்டம். பரிமாணமும் உள்ளீடாக மாறினால், பட்டியல் போடாமல் வெறுமனே எண்ணுவதுகூடக் கடினம் என்று லினியல் 1986-இல் காட்டிவிட்டார். அதனால் 'வேகமான சூத்திரம்' தேடி அலைய வேண்டாம்.

---

நோணாங்குப்பம்_நேர்கோடு

எல்லோருக்கும் நன்றி. முகம் 18 வந்தது. வித்தியாச வெக்டர்களுக்கு 24, 14, 16, 38 நான்கும் வந்தன. பரிமாணம் 5-இல் 11,292 முனை வந்தது, மெமரி அசையவே இல்லை.

இரண்டு சந்தேகம். பரிமாணம் 3-இல் புள்ளி எனக்கு 58 வருகிறது, 59 அல்ல. கனசதுரத்தின் 125 புள்ளிகளைச் சோதித்தால் 59 வருகிறது. சூத்திரத்தில் எங்கே ஒன்று போனது? அடுத்து, பரிமாணம் 6-க்கு நேரியல் திட்டமிடல் கணக்குகள் கோடியைத் தொடும்போல இருக்கிறது. சைபையில் ஒவ்வொன்றும் மில்லிவினாடிக் கணக்கில் எடுக்கிறது. வேறு வழி உண்டா?

---

திண்ணைக்_கோலம்

58-ஆ? அப்போ மும்மைக்கு 'சார்பற்றதா, ஆமா/இல்லை'ன்னு தரத்தை மட்டும் பார்த்து ஒவ்வொண்ணுக்கும் 1 போட்டிருக்கீங்க. 29 வந்திருக்கும். 1 + 7 + 21 + 29 = 58. அந்த (1,1,0), (1,0,1), (0,1,1) மும்மைக்கு 2 போடணும். அதே பழைய 2.

இன்னொண்ணு, அணிக்கோவையை பைத்தானோட நம்பை நூலகத்துல தசமமா எடுத்து இன்ட் (தசமப் பகுதியை வெட்டுறது) போட்டீங்கன்னா இப்போ தப்பிச்சிருக்கலாம், பரிமாணம் 5-ல மாட்டுவீங்க. நடுவுல வகுத்தல் வர்றதால 3 வர வேண்டிய இடத்துல 2.9999999999999996 வரலாம், இன்ட் அதை 2 ஆக்கிடும். பேரைஸ் முறைன்னு ஒண்ணு இருக்கு, வகுத்தல் எல்லாம் மீதியில்லாம முழு எண்ணிலேயே முடியும். பைத்தான்ல பத்து வரி. பரிமாணத்தைவிடச் சின்ன உட்கணத்துக்கு மீ.பொ.வ. வேணும்னா எல்லாச் சிற்றணிக்கோவையையும் எடுக்க வேண்டாம், ஸ்மித் வடிவத்தோட (முழு எண் செயல்களால அணியை மூலைவிட்டமா ஆக்கினது) மூலைவிட்டப் பெருக்கல் அதே எண்தான்.

வேலை எவ்வளவுன்னா: பரிமாணம் 5-ல ஐந்து வரையுள்ள உட்கணம் மொத்தம் 2,06,368. பைத்தானே தாங்கும். பரிமாணம் 6-ல ஆறு ஆறா எடுத்தாலே 6,79,45,521. அதுக்கு சி++.

---

கெடிலம்_கோட்

பரிமாணம் 6-க்கு வழி உண்டு. ஆயங்களை இடம் மாற்றினால் உங்கள் வெக்டர் கூட்டம் மாறுவதில்லை, ஆகவே பல்முகியும் மாறுவதில்லை. ஒரு முனையின் ஆயங்களை இறங்குவரிசையில் அடுக்கினால் அதுவே சாவி. ஒரே சாவி உள்ள முனைகள் எல்லாம் ஒரே குழு. குழுவில் எத்தனை என்பது பள்ளிக் கணக்கு: ஆயங்களை எத்தனை விதமாக வரிசை மாற்றலாம்.

பரிமாணம் 3-ஐக் கையில் போடலாம். சாவிகள்:

444: 1 முனை
443: 3
432: 6
331: 3
220: 3

கூட்டினால் 16. ஒவ்வொன்றையும் 4-லிருந்து கழித்தால் எதிர்ப்பக்கம்: 000, 100, 210, 311, 422. இன்னொரு 16. மொத்தம் 32 முனைக்கு 10 சாவி.

தேடுவது இப்படி. 444-இலிருந்து தொடங்குங்கள். ஒரு முனையில் நின்று, குறி வரிசையில் ஒரே ஒரு குறியை மாற்றினால் சாத்தியமா என்று நேரியல் திட்டமிடலைக் கேளுங்கள். சாத்தியம் என்றால் அந்த வெக்டர் வழியாக ஒரு விளிம்பு போகிறது, அடுத்த முனை அந்த வெக்டரைக் கூட்டியதோ கழித்ததோதான். அதன் ஆயங்களை அடுக்குங்கள், 'ச'வின் ஆயங்களையும் அதே வரிசையில் மாற்றுங்கள், சாவி புதிதென்றால் வரிசையில் சேருங்கள். பல்முகியின் விளிம்பு வழியே எந்த முனைக்கும் போகலாம் என்பதால் எதுவும் விடுபடாது. ஆனால் ஒரே கோட்டில் உள்ள வெக்டர்களைச் சேர்க்காமல் விட்டிருந்தால் ஒரே குறி மாறாது, இரண்டு சேர்ந்து மாறும். அப்போது தேடல் பாதியில் நின்று 'முடிந்தது' என்று சொல்லும். எரரே வராது.

பரிமாணம் 6-இல் சாவி குறைந்தது 10,66,044/720, அதாவது 1,481. சம ஆயங்கள் உள்ள முனைகள் இருப்பதால் இன்னும் கூடும். சாவி ஒன்றுக்கு 63 கணக்கு. பழைய கோடிக்கு இது எவ்வளவோ மேல்.

பலர் இதற்குக் குறுக்குவழி என்று 'ச'வின் ஆயங்களை இறங்குவரிசையில்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு எண்ணி, வரும் எண்ணை 720-ஆல் பெருக்குவார்கள். தப்பு. பரிமாணம் 2-இலேயே தெரியும். முதல் ஆயம் பெரிது என்று வைத்தால் நான்கு குறி வரிசை கிடைக்கும், 2-ஆல் பெருக்கினால் 8. உண்மை 6. இரண்டு ஆயமும் மிகையான பகுதி, சமக்கோட்டின் இரு பக்கமும் பரவிக் கிடக்கிறது. அதை இரண்டு முறை எண்ணிவிட்டீர்கள். இரண்டும் குறையான பகுதிக்கும் அதே கதி. சாவி முறையில் 00, 10, 21, 22 என நான்கு சாவி, 1 + 2 + 2 + 1 = 6.

மழைக்காலத்தில் கடலூர்ப் பக்கம் ஓட்டுவதாக இருந்தால் ஆயிரம் சாவிக்கு ஒருமுறை வரிசையையும் பார்த்த சாவிகளையும் ஃபைலில் எழுதிவிடுங்கள். நேரடியாகப் பழைய ஃபைல்மீது எழுதாதீர்கள். புதுப் பெயரில் எழுதி முடித்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள், எழுதும்போது கரண்ட் போனால் பழையதாவது மிஞ்சும்.

---

நோணாங்குப்பம்_நேர்கோடு

பரிமாணம் 3-இல் 10 சாவி, பரிமாணம் 4-இல் கூட்டுத்தொகை 370 வந்துவிட்டது. 58-க்குக் காரணமும் சொன்னபடியேதான், தரத்தை மட்டும் பார்த்திருந்தேன். பரிமாணம் 6-ஐ இன்றிரவு ஓட விடுகிறேன். 7-ஐ இதே லேப்டாப்பில் நினைக்கலாமா?

---

கெடிலம்_கோட்

குறி வரிசையாக வைத்தால் முடியாது. 127 குறிக்கு 16 பைட், 34,73,26,352 முனைக்கு ஏறத்தாழ 5.6 ஜிபி, அதுவும் பைத்தானின் சொந்தச் சுமை சேராமல்.

சாவியாக வைத்தால் ஆயம் ஏழு, ஒவ்வொன்றும் 64-க்குள், 7 பைட் போதும். குறைந்தபட்சச் சாவி 68,914. மையச் சமச்சீரையும் சேர்த்தால் அதில் பாதி. இன்னும் குறைக்க ஒரு மறைவான சமச்சீர் இருக்கிறது: 'ச'வின் ஆயங்களோடு, அவற்றின் கூட்டுத்தொகையின் எதிர்மறையை எட்டாவது ஆயமாகச் சேருங்கள். ஒரு உட்கணத்தின் கூட்டுத்தொகை 0 என்றால் மீதியின் கூட்டுத்தொகையும் 0. ஆகவே எட்டு ஆயங்களையும் இடம் மாற்றலாம், குறியையும் மொத்தமாகப் புரட்டலாம், 80,640 வழி. பரிமாணம் 3-இல் இதைச் செய்தால் 32 முனையும் 8, 24 என்று இரண்டே வகையில் அடங்கும். பரிமாணம் 7-இல் வகை குறைந்தது 4,308 இருக்கும். ஆனால் எட்டாவது ஆயத்தை உள்ளே இழுத்ததும் முனையின் ஆயத்தை அடுக்குவது சாவியாகாது, சில வெக்டர்களின் திசை புரளும். எல்லா வெக்டர்களையும் பாதி நீட்டி மையத்தை ஆதியில் வைத்து, எட்டு ஆயங்களிலும் சமச்சீராக எழுதிய பிறகே அடுக்க வேண்டும். முதலில் பரிமாணம் 3-இல் 8, 24 வருகிறதா பாருங்கள், பிறகு 7-க்குப் போங்கள்.